மூன்றைத் தாண்டாதே

என் ஆம்ப் வழியிலேயே செத்துப்போனது,
மைனஸ் இருபத்தாறில், சட்பரிக்கு முன்
இரண்டு பள்ளங்களுக்கு நடுவே எங்கோ.
மீதி வழியெல்லாம் வேனின் பின்னால்
யாரோ சோழி குலுக்கிக்கொண்டே வந்தார்கள்.

சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
பீர் ஊற்றும் அர்மான் சொன்னான்:
"என் மச்சான் லூசியனோடது ஒண்ணு
உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால கிடக்கு. வால்வு ஆம்ப்.
அவனைக் கேக்க முடியாது. ராத்திரி ஷிப்ட்.
நமக்குக் கீழ ஒரு கிலோமீட்டர் ஆழத்துல இருக்கான்."

தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
படி திரும்பும் இடத்தில் டாய்வோ
ஃபின்னிஷில் ஏதோ சொன்னான்; முழங்கால் இடித்திருக்க வேண்டும்.
ஆறு குமிழ்கள். எழுத்தெல்லாம் தேய்ந்து
வெறும் தகரம்.
நெற்றியில் ஒட்டிய காகிதத்தில், நீல மையில்:
மூன்றைத் தாண்டாதே.
எந்தக் குமிழில் என்று எழுதவில்லை.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை.
"பொறு," என்றாள் ஒதில் டிரம்முக்குப் பின்னாலிருந்து.
"அது எழுந்திருக்கணும்."
குனிந்து முதுகுப்பக்கம் பார்த்தேன்:
நான்கு கண்ணாடிக் குப்பிகளின் அடிவயிற்றில்
யாரோ ஊதிவிட்டதுபோல் மெல்லச் சிவப்பு.
தூசி கருகும் வாசனை.
கொஞ்சம் உருளைக்கிழங்கும்.

சரிபார்க்க நேரமில்லை.
முதல் கார்டை
என் பழைய ஆம்பில் அடிப்பதுபோலவே அடித்தேன்.
முன்மேஜையில் ஒரு பெண்மணி
கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்,
கூரையிலிருந்து ஏதோ விழப்போவதுபோல்.

அந்தப் பாட்டு முழுக்கத் திருடன்போல் வாசித்தேன்.
இடது ஓரத்துக் குமிழைத் திருகினால் கூர்மை போனது.
அடுத்ததைத் திருகினால் ஒன்றும் நிகழவில்லை,
அல்லது நிகழ்ந்தது,
ஒதிலின் சிம்பல் கேட்கவிடவில்லை.

மூன்றாம் பாட்டில் பிடிபட்டது.
மெல்லத் தொட்டால் தண்ணீர்.
அழுத்தினால் துணி கிழியும் ஓசை.
நடுவே, நகத்தின் அகலத்துக்கு ஓர் இடம்:
அங்கே அடித்தால்
அழுது முடித்தவன் பேசத் தொடங்குவதுபோல் ஒரு கரகரப்பு.
என் ஆம்ப் எப்படி அடித்தாலும்
ஒரே மரியாதையோடு பதில் சொல்லும்;
எட்டு வருடம் அதோடு குடும்பம் நடத்தியவன் நான்.
இதுவோ என் கையையே கேட்டுக்கொண்டிருந்தது.
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பிறகு அந்த மெதுவான வால்ஸ்.
நாலு ஜோடிகள் பனிப்பூட்ஸோடு ஆட எழுந்தார்கள்.
எனக்கு ஆசை வந்துவிட்டது.
நான்காவது குமிழ். மூன்று. மூன்றரை.
அது நெஞ்சைத் திறந்து காட்டியது.
நான்கு.

அந்தப் பாட்டில் ஓரிடம் உண்டு,
எல்லாரும் கையை எடுத்துவிடும் இரண்டு எண்ணிக்கை.
அந்த மௌனத்தில் என் முதுகுக்குப் பின்னால்
ஆம்ப் தெளிவாகச் சொன்னது:
"பதினேழாம் நம்பர், பதினேழாம் நம்பர்,
ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க."

ஆடியவர்கள் அணைத்தபடியே நின்றார்கள்.
ரோலான், மைக்கில், முகம் மாறாமல்:
"வந்துகிட்டே இருக்கேன்."

சிரிப்பில் கூரை போனது.
ஒதில் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டாள்.
வால்ஸை எங்கே விட்டோம் என்று யாருக்கும் தெரியவில்லை;
டாய்வோ ஓரிடத்தில் தொடங்கினான்,
அதுதான் இடம் என்று நாங்களும் நம்பினோம்.

எல்லாம் முடிந்து மேஜைகள்மேல் நாற்காலி ஏறியபோது
சூட்டோடு நகர்த்தாதே என்றாள் ஒதில்,
குப்பிகளின் உள்கம்பிகள் சூட்டில் இளகியிருக்குமாம்.
அதனால் காத்திருந்தோம், கோட்டு மாட்டிக்கொண்டு,
வெளியே வேனின் இன்ஜின் தனியாக ஓட.
அதன் மேல்தட்டில் கை வைத்திருந்தேன்.
வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்தது.
லூசியன் ஆறு மணிக்குத்தான் மேலே வருவானாம்.

அர்மானிடம் பேனா வாங்கி
அந்தக் காகிதத்தில், அவன் எழுத்துக்குக் கீழே எழுதினேன்:
நான்காவது குமிழில்.
கொஞ்சம் யோசித்து,
இன்னும் சிறிய எழுத்தில்:
மூன்றரை பரவாயில்லை.